பூனைக்கு உரிமம் வந்தாயிற்று. அதன் நடத்தையைப் புரிந்துகொள்ள ஆள் உண்டா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 35 ஆண்டுகளாக இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. வீவக வீடு ஒன்றில் இரண்டு பூனைகள் வரையிலும் தனியார் வீட்டில் மூன்று பூனைகள் வரையிலும் வளர்க்கலாம். ஒவ்வொரு பூனைக்கும் உரிமம் எடுக்கவேண்டும், மைக்ரோசிப் பொருத்தவேண்டும். முதன்முறையாக உரிமம் கேட்பவர், செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இணையப் பாடத்தை முடித்திருக்கவேண்டும். ஏற்கெனவே பூனை வைத்திருப்போருக்குத் தரப்பட்ட ஈராண்டு அவகாசம் 2026 ஆகஸ்ட் 31ஆம் தேதிவரை. அதன் பிறகு உரிமமில்லாமல் பூனை வளர்ப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

அவகாசம் முடிவதைப் பற்றிய பேச்சில் உரிமமும் அபராதமுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. வீட்டுக்குள் சட்டப்படி வந்துவிட்ட பூனை நள்ளிரவில் கத்தினால், சோபாவில் சிறுநீர் கழித்தால், பிள்ளையின் கையைப் பிறாண்டினால் யாரிடம் போவது என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்களில் ஒருவர், மருந்தகத்தில் மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்கும் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பர்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்

பூனைத் தடைக்கு வீவக பல ஆண்டுகளாகக் கூறிவந்த காரணங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், வெளியே திரிந்தால் பொது இடங்களில் முடி உதிர்க்கும், மலசலம் கழிக்கும், இனச்சேர்க்கைக் காலத்தில் கத்தி அண்டைவீட்டாருக்குத் தொல்லை தரும் என்பவையே அவை. இவற்றில் ஒன்றுகூட நோய் அல்ல. எல்லாமே நடத்தை தொடர்பானவை.

தடை நீங்கியதால் அந்த நடத்தைகள் மறைந்துவிடவில்லை. முன்பு விதி சுமந்த பாரத்தை இப்போது பூனையின் உரிமையாளர் சுமக்கிறார். கருத்தடை செய்தால் கத்தலும் ஆண் பூனை சுவரில் சிறுநீர் தெளிப்பதும் பெருமளவு குறையும். ஜன்னலுக்கு வலை போட்டால் பூனை கீழே விழாது, வெளியே போகாது. மிச்சமுள்ள சிக்கல்களுக்கு, பூனை ஏன் அப்படிச் செய்கிறது என்று புரிந்துகொண்டு வீட்டை மாற்றியமைப்பதுதான் வழி.

நாய்களின் கதையும் இதுவே. வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களைச் சேர்ந்த நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம் என்ற விதிக்கு, 2012ல் ‘அடோர்’ திட்டம் ஒரு விலக்கு அளித்தது. உள்ளூர்க் கலப்பின நாய்களை விலங்குநலக் குழுக்களிடமிருந்து தத்தெடுத்து வீவக வீடுகளுக்குக் கொண்டுவர அது வழிசெய்தது. 2020ல் எடை வரம்பு நீக்கப்பட்டு உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் வரும் நாய்க்கு அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சி கட்டாயம். நாயின் உருவத்தைவிட அதன் நடத்தையே அக்கம்பக்கத்தாருக்கு முக்கியம் என்பதை இந்த விதியே ஒப்புக்கொள்கிறது.

ஈசூனின் சோங் பாங் வட்டாரத்தில் 2012ல் தொடங்கிய பூனை வளர்ப்பு முன்னோட்டத் திட்டமும் இதே பாதையில் போடப்பட்ட முதல் அடி. அங்கிருந்து நாடு தழுவிய அனுமதி வர 12 ஆண்டுகள் பிடித்தன. சட்டம் மெதுவாக, ஆனால் உறுதியாக நகர்ந்துள்ளது. அதற்கு ஈடாக நடத்தை அறிந்த பணியாளர்கள் வளர்ந்திருக்கிறார்களா என்பதே இன்றைய கேள்வி.

தொழில்நுட்பர் என்ன செய்கிறார்

விலங்கு மருத்துவத் தொழில்நுட்பரை, மனிதர்களுக்கான மருத்துவமனையில் தாதி, ஆய்வுக்கூடப் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர் ஆகிய மூவரும் சேர்ந்த ஒருவர் என்று சொல்லலாம். இரத்தம் எடுப்பது, மயக்க மருந்தின்போது விலங்கைக் கண்காணிப்பது, அறுவைச் சிகிச்சைக்கு உதவுவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் அவர் வேலை. நோயைக் கண்டறிந்து முடிவு சொல்வதும் மருந்து எழுதிக்கொடுப்பதும் உரிமம் பெற்ற மருத்துவரின் வேலை.

நடத்தைத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் இதற்கு மேல் ஒரு படி போகிறார். குப்பைப்பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கும் பூனை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அதை ‘வேண்டுமென்றே செய்கிறது, பழிவாங்குகிறது’ என்பார்கள். தொழில்நுட்பர் கேள்விகளைத் தொடங்குவார். வீட்டில் எத்தனை பூனை, எத்தனை பெட்டி? பெட்டி சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மணலின் வகையை அண்மையில் மாற்றினீர்களா? வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தார்களா? சிறுநீர் கழிக்கும்போது பூனை முனகுகிறதா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. சேட்டை என்று நினைத்து இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தால் பூனை பிழைக்காது. எனவே நடத்தைச் சிக்கல் என்று வரும் எதையும் முதலில் உடல் நோயா என்று மருத்துவர் பார்த்தாகவேண்டும். மூட்டுவலி உள்ள நாய் தொட்டால் கடிக்கும். தைராய்டு மிகுந்த முதிய பூனை இரவெல்லாம் கத்தும். இந்த இரண்டையும் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

உடலில் குறையில்லை என்று தெரிந்த பிறகு தொழில்நுட்பரின் பங்கு பெரிதாகிறது. ஒரு பூனைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் கூடுதலாக ஒன்று என்பது பொதுவான கணக்கு. மூவறை வீட்டில் அந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி, வீட்டார் செய்யக்கூடிய ஒரு திட்டத்தை அவர் எழுதித் தருவார். பிறகு வாரந்தோறும் அழைத்து விசாரிப்பார். மருத்துவருக்கு ஒரு நோயாளியுடன் கிடைக்கும் நேரம் குறைவு. இந்தப் பொறுமையான தொடர்வேலைதான் பெரும்பாலும் சிக்கலைத் தீர்க்கிறது.

‘அடியாத மாடு படியாது’

தமிழர்களிடம் விலங்கு நடத்தை பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லை. ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது’ என்ற பழமொழி, கற்றல் பற்றிய ஒரு பாடத்தையே ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு கெட்ட அனுபவம் போதும், பூனை அந்த இடத்தையே வெறுத்துவிடும். மருந்தகத்தில் பிடரியைப் பிடித்து அமுக்கி ஊசி போடப்பட்ட பூனை, அடுத்தமுறை கூண்டை எடுத்ததுமே கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவது இதனால்தான். விலங்கைப் பயமுறுத்தாமல் மருத்துவம் பார்க்கும் முறையை அமெரிக்காவில் 2016ல் தொடங்கிய ‘ஃபியர் ஃப்ரீ’ என்ற பயிற்சித் திட்டம் பரப்பிவருகிறது. கூண்டை வீட்டில் எப்போதும் திறந்து வைத்து அதற்குள் உணவு கொடுப்பது, மேசைமேல் வழுக்காத விரிப்பு போடுவது, பூனையையும் நாயையும் வெவ்வேறு இடத்தில் காத்திருக்கவைப்பது போன்ற எளிய மாற்றங்கள் இம்முறையில் அடங்கும்.

ஆனால் எல்லாப் பழமொழியும் அறிவியலோடு ஒத்துப்போவதில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்பதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, நாயையும் அடித்தே திருத்த முயல்கிறது. அடிக்குப் பயந்த நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பயத்தை நிறுத்தாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அடித்து அணைத்துவிட்டால், நாய் அடுத்தமுறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கலாம்.

சிராங்கூன் சாலையில் கிளி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு மாற்று வழி தெரிந்ததுதான். கூண்டைவிட்டு வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்துத் தந்துவிட்டுத் திரும்பும் கிளி, ஒரு தானியத்துக்காக அதைச் செய்கிறது. பரிசு தந்து பழக்குவது என்பதன் அடிப்படை அவ்வளவுதான். நாய்க்கு மின்தூக்கியில் அமைதியாக நிற்கக் கற்றுத் தருவதும் அதே முறையில் நடக்கிறது.

‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பதற்கும் ஒரு பதில் உண்டு. நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரையிலான காலத்தில் எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். கட்டுமானத் தளத்திலோ காட்டோரத்திலோ பிறந்து, மனிதக் கை படாமல் அக்காலத்தைக் கடந்த நாய் பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தால், தொலைக்காட்சிச் சத்தமும் தள்ளுவண்டியும் இடி முழக்கமும் அதற்குப் புதிய பேய்கள். அதைப் பழக்க முடியும். ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம், அறிந்தவர் துணையும் வேண்டும்.

ஏணியின் மேல்படிகள்

சிங்கப்பூரில் இத்துறைக்குள் நுழைய அறியப்பட்ட வழி, தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி வழங்கும் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு. மூன்றாண்டுப் படிப்பில் உடற்கூறு, மருந்தியல், ஆய்வுக்கூட வேலை, விலங்குப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்கலாம். மருத்துவராகவே ஆக விரும்புவோர் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் சென்று படிப்பதே நெடுங்கால வழக்கம். அதற்கான செலவு பல குடும்பங்களுக்கு எட்டாதது.

பட்டயம் பெற்ற பின்னர் நடத்தைத் துறையில் சிறக்க விரும்பும் இளையர் இங்குதான் தடுமாறுகிறார். அமெரிக்காவில் விலங்கு நடத்தை மருத்துவர்களுக்கான சிறப்புக் கல்லூரி 1993ல் அங்கீகாரம் பெற்றது. நடத்தைத் துறைத் தொழில்நுட்பர்களுக்கான தனிக் கழகம் 2008ல் உருவானது. அங்கே இந்தச் சிறப்புத் தகுதிக்குப் பல்லாயிரம் மணி நேரப் பணி அனுபவம், கையாண்ட விலங்குகளின் பதிவேடு, விரிவான அறிக்கைகள், தேர்வு என எல்லாம் கேட்கப்படும். சிங்கப்பூரில் இதற்கு இணையான உள்ளூர்ப் படிநிலை இல்லை. ஆர்வமுள்ளவர் வெளிநாட்டு இணைய வகுப்புகளில் சொந்தக் காசில் சேர்ந்து, வேலைக்குப் பிந்திய நேரத்தில் படிக்கவேண்டியிருக்கிறது.

படித்து முடித்தாலும் மருந்தகத்தில் அவர் செய்யும் வேலையும் பெறும் சம்பளமும் மாறும் என்ற உறுதி இல்லை. கேள்விகேட்டு, வீட்டாருக்குப் புரியவைத்து, தொடர்ந்து விசாரிக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று பல மருந்தகங்களின் விலைப்பட்டியலில் தனி வரி கிடையாது. கட்டணம் வசூலிக்கப்படாத வேலைக்குச் சம்பள உயர்வும் வருவதில்லை. திறமையுள்ள தொழில்நுட்பர் சில ஆண்டுகளில் வேறு துறைக்குப் போய்விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுபுறம், நாய்ப் பயிற்றுநர் தொழிலுக்கு நெடுங்காலமாக உரிமம் தேவைப்பட்டதில்லை. அனுபவம் மிக்க நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூக்கணாங்கயிறு போல் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மட்டுமே நம்புபவரும் அதே பெயரில் தொழில் செய்யலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு, விலங்குநலக் குழுக்கள், பயிற்றுநர்கள், மருத்துவர்கள் ஆகியோர் சேர்ந்த பணிக்குழு 2022ல் நாய்ப் பயிற்சிக்கும் நடத்தைச் சீரமைப்புக்கும் வழிகாட்டி வெளியிட்டது. விலங்குக்கு மிகக் குறைந்த துன்பம் தரும் முறையையே முதலில் கையாளவேண்டும் என்பது அதன் அடிப்படை. வழிகாட்டியைப் படித்து நடைமுறைப்படுத்தக்கூடிய ஆட்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்பது அடுத்த தேவை.

மருந்தகத்துக்கு வெளியிலும் வேலை

நடத்தை அறிவுக்கு மருந்தகம் மட்டுமே இடமல்ல. சுங்கை தெங்காவில் உள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்களில், எந்த நாய் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று மதிப்பிடுவது ஒரு தனித் திறன். தவறாகப் பொருத்தினால் நாய் சில வாரங்களில் திரும்பி வரும், அடுத்தமுறை அதை அனுப்புவது இன்னும் கடினமாகும்.

மண்டாய் வனவிலங்குப் பூங்காக்களைப் போன்ற இடங்களில், விலங்கு தானாகவே வந்து கையை நீட்டவும் வாயைத் திறக்கவும் பழக்கப்படுகிறது. மயக்க மருந்து கொடுக்காமல் இரத்தம் எடுக்கவும் பல் பார்க்கவும் இது உதவுகிறது. காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவு, ஆய்வுக்கூட விலங்குப் பராமரிப்பு, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து வீடு தேடித்தரும் அல்லது மீண்டும் விடும் திட்டம் ஆகியவற்றிலும் இந்த அறிவு தேவை. 2018 நவம்பரில் தொடங்கிய அத்திட்டம், தெருநாய்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஐந்தாண்டுகளில் கருத்தடை செய்வதை இலக்காக வைத்தது. எந்த நாயை வீட்டுக்கு அனுப்பலாம், எதைப் பழைய இடத்தில் விடலாம் என்பது அடிப்படையில் நடத்தை பற்றிய முடிவுதான்.

இந்த முடிவு எவ்வளவு கனமானது என்பதை இந்தியா இப்போது உணர்ந்துவருகிறது. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போடப்பட்ட தெருநாய்களை அதே பகுதியில் விடலாம் என்றும் வெறிநோய் கண்ட அல்லது ஆக்ரோஷமாக நடந்துகொள்ளும் நாய்களை விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. ஆக்ரோஷம் என்று எதைச் சொல்வது, யார் சொல்வது? குட்டிகளைக் காக்கக் குரைத்த தாய்நாயும் காரணமின்றித் துரத்திக் கடிக்கும் நாயும் ஒன்றாகிவிடக்கூடாது. சென்னையில் 1903ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய தமிழகத்திலும், இந்த வேறுபாட்டைக் களத்தில் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஊர்தோறும் தேவைப்படுவார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன

லிட்டில் இந்தியாவின் வரலாறே மாட்டோடு பின்னிக் கிடக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அந்தக் காலத்து மாட்டு வணிகத்தின் நினைவுகள். இன்றும் பொங்கல் காலத்தில் கேம்பல் லேனுக்கு மாடுகள் வரும்போது, கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே அவற்றை மிரளாமல் பார்த்துக்கொள்பவருக்கு மாட்டின் காதும் கண்ணும் என்ன சொல்கின்றன என்பது அத்துப்படி. அந்த அறிவு குடும்பத் தொழிலாக வந்தது. அதையே படித்துப் பெறும் தொழிலாகத் தமிழ்ப் பெற்றோர் பார்க்கத் தயங்குகிறார்கள். மருத்துவராக முடியாதவர் போகும் இடம் என்றோ, நாய் குளிப்பாட்டும் வேலை என்றோ அதைச் சுருக்கிவிடுகிறார்கள்.

ஆனால் இத்தொழிலில் தமிழ் பேசுபவருக்குத் தனி மதிப்பு உண்டு. வீட்டில் நாயோடு அதிக நேரம் இருப்பவர் பெரும்பாலும் உரிமம் எடுத்தவர் அல்லர். பகலெல்லாம் வீட்டிலிருக்கும் தாத்தாவோ பாட்டியோ, நாயை நடக்கக் கூட்டிப்போகும் பணிப்பெண்ணோதான். மேசையிலிருந்து சோறு போட்டு நாயைக் கெடுப்பதும் அவர்களே, நாய் நொண்டுவதை முதலில் கவனிப்பதும் அவர்களே. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பக்க அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. ‘பாட்டி, அது கொட்டாவி விடுவது தூக்கத்தால் இல்லை, பயத்தால்’ என்று தமிழில் சொல்பவர் இருந்தால் அந்த வீட்டில் ஒரு கடி குறையலாம்.

அண்டைவீட்டு உறவும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரே மின்தூக்கியில் நாயைத் தொட விரும்பாத முஸ்லிம் அண்டைவீட்டாரும், நாய் என்றாலே நடுங்கும் பிள்ளையும், ஆசையோடு நாய் வளர்ப்பவரும் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். உரிமையாளரின் காலடியில் மூலையைப் பார்த்து அமர நாய்க்குக் கற்றுத் தந்தால், எந்தப் புகாரும் நகர மன்றத்துக்குப் போகாது.

கட்டுமானத் தளங்களில் தமிழக ஊழியர்கள் தங்கள் சோற்றில் பங்கு கொடுத்து வளர்க்கும் நாய்களும் இருக்கின்றன. வேலை முடிந்து ஊழியர்கள் வேறு தளத்துக்கு மாறும்போது அந்த நாய்கள் அனாதையாகின்றன. அவை யாரிடம் நெருங்கும், எதற்குப் பயப்படும் என்பதை அந்த ஊழியர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசி அத்தகவலைப் பெறும் தொழில்நுட்பர், அந்த நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறார்.

மனச்சுமையும் தீர்வும்

இது இனிமையான வேலை மட்டும் என்று இளையருக்குச் சொல்வது நேர்மையல்ல. கடி, பிறாண்டல், வார இறுதிப் பணி, கோபத்தோடு பேசும் உரிமையாளர் எல்லாம் அன்றாடம். உடலில் நோயில்லாத, ஆனால் திரும்பத் திரும்பக் கடித்த நாயைக் கருணைக்கொலை செய்வது என்ற முடிவு எடுக்கப்படும் அறையிலும் தொழில்நுட்பர் நின்றாகவேண்டும். பல வாரம் பழக்கிய கையாலேயே அந்த நாயைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருக்கும்.

அத்தகைய முடிவுகளைக் குறைக்கும் வழிகள் எட்டாதவை அல்ல. பூனை உரிமத்துக்கான இணையப் பாடம், பிரச்சினை வந்த பிறகு யாரை அணுகுவது என்பதையும் தெளிவாகச் சொல்லலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி, பட்டயம் பெற்றுப் பணியில் இருப்போருக்கு நடத்தைத் துறையில் பகுதிநேரச் சான்றிதழ் படிப்பை வழங்கலாம். மருந்தகங்கள் தொழில்நுட்பரின் ஆலோசனை நேரத்துக்குத் தனிக் கட்டணம் வைத்து, அதில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் காட்டலாம். குடும்பங்களும், புதிய பூனைக்குக் கூண்டும் மணலும் வாங்கும்போதே ஒருமுறை நடத்தை ஆலோசனைக்கும் பணம் ஒதுக்கலாம்.

விலங்கைக் கொடுமைப்படுத்துபவருக்கு முதல் குற்றத்துக்கே 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கொடுமை என்று தெரியாமலே அடிப்பவர், பயந்த பூனையைப் பால்கனியில் பூட்டுபவர், தாங்க முடியாமல் நாயைக் கைவிடுபவர் பலர் வழக்கு வரை வருவதேயில்லை. அவர்கள் வீட்டுக்குத் தேவைப்படுவது, பொறுமையாகக் கேட்டு வழிசொல்லும் பயிற்சி பெற்ற ஒருவர். 2026 ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள் எத்தனை உரிமங்கள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கை வெளிவரும்போது, அத்தகைய பணியாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்பது பொருத்தமாக இருக்கும்.